புள்ளிகளுக்குள் இருக்கும் எண்

ஜூன் 10, செவ்வாய். லோத்குண்டா.

உடம்பு அசந்துவிட்டது, தூக்கம் வரவில்லை.

என் கடைசித் தங்கை சாந்தியின் மகன் அருண் விமானி ஆக விரும்புகிறான். பயிற்சிப் பள்ளியில் சேருமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளச் சொன்னது நான்தான். நீரோட்டம் பார்த்துவிட்டுத்தானே போர் போடுகிறோம். வியாழக்கிழமை பரிசோதனை.

கண்ணுக்கு நிறம் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க, வண்ணப் புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணைக் கண்டு சொல்வதும் அதில் உண்டு. அந்தப் படங்களை அருண் கைபேசியில் வைத்திருந்தான். மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, "மாமா, நீங்க கேளுங்க" என்றான். ஒன்றுகூடத் தவறவில்லை. அடுத்த முறை வரிசையை மாற்றிக் கேட்டேன். வாய்ப்பாட்டைக்கூட நான் வரிசையாகக் கேட்டதில்லை. எல்லாம் தப்பு.

"இதுல என்னடா தெரியுது?"

"புள்ளிதான் மாமா." சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஆர்டர் தெரியும். அது போதும்ல?"

பழைய வினாத்தாளைப் போல மனப்பாடம் செய்திருக்கிறான்.

சாந்தி வந்துவிட்டாள். "தப்பு விடறானா? டென்ஷன் நக்கோ அண்ணா, கவலையே வேண்டாம். ரெண்டு நாள் இருக்கு, படிச்சா வந்துடும்."

வகுப்பறையில் நான் ஓயாமல் சொன்ன வார்த்தை அது.

அருண் என்னையே பார்த்தான். "மறுபடி கேளுங்க மாமா. முதல்லேர்ந்து."

அவள் முன்னால் வரிசையாகவே கேட்டேன். எல்லாம் சரி. சாந்தி சிரித்துக்கொண்டே காபி கலக்கப் போனாள்.

அங்கே மருத்துவர் எந்த வரிசையில் காட்டுவாரோ. காலையில் சாந்தியிடம் சொல்லியாக வேண்டும். எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பேன். இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.