பூச்சியம் காட்டிய கருவி

பேசாலை
12.08.1997

அன்புள்ள அத்தானுக்கு,

மாமிக்கும் எனக்கும் சுகத்தில் குறைவில்லை. மாமியின் குரலிலும் குறைவில்லை. இந்த மாதம் கடலுக்குப் போக நேவியின் பாஸ் ஒழுங்காகக் கிடைப்பதால் சூடை மீன் மலிவு. முற்றமெல்லாம் கருவாடு காய்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் உங்கள் கடிதங்களைச் செபமாலை முடிந்ததும் அயலுக்கெல்லாம் கேட்க நான் வாசிக்கவேண்டும், அது மாமியின் சட்டம். பூமி பெரிய காந்தம், அது மின்னேற்றம் கொண்ட துணிக்கைகளைச் சுற்றிவரப் பிடித்து வைத்திருக்கிறது, ஆகாயத்தில் ஏவிவிட்ட செய்மதி அதற்குள்ளால் போய்வந்து அவற்றை எண்ணி உங்களுக்கு அனுப்புகிறது என்பதெல்லாம் எங்கள் ஒழுங்கைக்கே இப்போது பாடம்.

சித்திரையில் வந்த கடிதத்தில், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் கருவி திடீரெனப் பூச்சியம் காட்டுகிறது, காரணம் விளங்கவில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். மகனுடைய சாமான் ஏதோ தொலைந்துவிட்டது என்றுதான் மாமிக்கு விளங்கியது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் அல்லவா! ஒன்பது செவ்வாய்க்கிழமை விடாமல் மெழுகுதிரி கொளுத்தினா. என்ன கருத்துக்கு என்று கோயில் சுவாமி கேட்டாராம். ஆகாயத்தில் காணாமற்போன துணிக்கைகளுக்கு என்றாவாம்.

போன கிழமை உங்கள் விளக்கம் வந்தது. துணிக்கைகள் இல்லாமல் அல்ல, எண்ண ஏலாத அளவு கூடிப்போனதால்தான் கருவி திணறிப் பூச்சியம் காட்டியது என்று வாசித்தேன். முடிக்க முன்னரே மாமி அந்தோனியாருக்கு நன்றி சொல்ல எழும்பிவிட்டா. கண்டுபிடித்தது நீங்கள் என்று இங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்தக் கடிதத்தின் கடைசிப் பந்தியை மட்டும் நான் சத்தமாக வாசிக்கவில்லை, முந்தின கடிதங்களிலும் அந்தக் கேள்வியை விட்டுத்தான் வாசித்தேன். ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருடம் நிற்கக் கேட்கிறார்கள், நிற்கட்டா வரட்டா என்று மூன்று கடிதத்தில் கேட்டும் நான் ஒரு சொல் எழுதவில்லை, எனக்கு இரண்டும் ஒன்றுதான் போல என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நல்ல கோபம் வந்தது. மாமிக்குத் தெரிந்தால் உடனே வா என்று எழுதச் சொல்லுவா. நான் எழுதுவதையும் மாமிக்கு வாசித்துக் காட்டித்தான் ஒட்டவேண்டும். பிறகு சென்றிக் காவலரணில் ஆமிக்காரர் பிரித்துப் பார்ப்பார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நான் என்னத்தை எழுத?

இதை மாமிக்குத் தெரியாமல், நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் எழுதுகிறேன். கொழும்புக்குப் போகிற சிஸ்டர் கொண்டுபோய்த் தபாலில் போடுவா.

இப்போது வரவேண்டாம். போன மாதமும் ஆமி ஊரைச் சுற்றிவளைத்து ஆம்பிளைகளை நாள் முழுக்க வெயிலில் இருத்திவைத்தார்கள். அதற்குள் உங்களைப் பார்க்க என்னால் ஏலாது. ஆனால் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்காதேயுங்கோ. ஒரு வருடத்துக்கு மட்டும் வையுங்கோ. அது முடிந்ததும் நீங்கள் வாருங்கோ, அல்லது என்னைக் கூப்பிடுங்கோ. அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த கடிதம் வழக்கம்போல மாமிக்கு முன்னால்தான். மீன் விலையும் மழையும் இருக்கும், என்னைப்பற்றி ஒன்றும் இராது. அந்தப் பூச்சியத்தைச் சரியாக வாசியுங்கோ, அத்தான். அந்தோனியார் உங்களைக் கைவிடாமல் காக்கட்டும்.

உங்கள்
சிசிலியா