எட்டோடு நின்றுபோன எண்ணிக்கை

அப்பா,

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து சந்தன வாசம் வருகிறது. தூசி நெடி வரலாம், சூடான ஒயர் நெடி வரலாம். சந்தனத்துக்கு அங்கே என்ன வேலை?

காலையிலிருந்து இது என் உயிரை வாங்குகிறது. ஆன் செய்ததும் தன் மெமரியைத் தானே எண்ணிப் பார்க்குமே, நீங்கள்கூடப் பெட்ரோல் பங்க் மீட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பீர்களே, அந்த எண்ணிக்கை பாதியில் நிற்கிறது. பதினாறு எம்பி இருக்க வேண்டும். எட்டோடு முடித்துக்கொள்கிறது. ஐந்து தடவை அணைத்துப் போட்டேன், ஐந்து தடவையும் எட்டு. என் கணக்குப் பரீட்சையைவிடப் பிடிவாதம்.

போன கோடை விடுமுறையில் நீங்களும் நானும் காந்திபுரத்தில் எட்டெட்டு எம்பியில் இரண்டு மெமரிப் பட்டைகள் வாங்கிக்கொண்டு கணபதியிலுள்ள நம் வீட்டுக்கு பஸ் ஏறினோம். "ஞாபக சக்தி கடைலயே கெடைக்குதுன்னா உனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாமே கண்ணு?" என்றீர்கள். "எனக்குச் சொருக எடமில்லீங்ப்பா, மண்டை ஃபுல்லு" என்றேன். "என்னத்துல ஃபுல்லு?" என்று நீங்கள் கேட்டதற்குப் பக்கத்து சீட்டுக்காரர்தான் அதிகம் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்குரூடிரைவர் எடுக்க நம் லேத்துப் பட்டறைக்குள் போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டு பட்டைகளின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். லேத்து, மொபெட், அம்மாவின் மிக்ஸி என்று புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் நீங்கள் சுவிட்சைத் தொட விட்டதில்லை. சிரித்துக்கொண்டேதான் மாட்டினேன்.

திரை இருட்டு. பீப், பீப், பீப்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தார். "மறுபடியும் எதாச்சும் கோமாளித்தனம் பண்ணிப்போட்டயா?"

"சத்தியமா இல்லீங்மா."

"நீ சத்தியம் பண்ணுனாத்தான் எனக்குச் சந்தேகமே வருது."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்கு முந்தைய அரைப் பரீட்சை லீவில், 'பத்து நொடியில் இந்த மெஷின் வெடிக்கும்' என்று திரையில் வருகிற மாதிரி செய்துவைத்திருந்தேன். நீங்கள் அம்மாவைத் தெருவுக்கு இழுத்துப் போய் நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு ஓடிவந்து ஃபியூஸைப் பிடுங்கினீர்கள். அதிலிருந்து வீட்டில் பல்பு ஃபியூஸ் போனாலும் நான்தான்.

ஒரு மணி நேரம் கழற்றினேன், மாட்டினேன். பீப். பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன்கள் இரண்டு பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இந்த ஒரு தடவை நான் எதுவும் செய்யவில்லை, அதையும் நம்ப ஆளில்லை. பட்டையை உருவி உங்கள் முகத்துக்கு நேராக நீட்டினேன். "எல்லாம் இந்தப் பொட்டாலதாங்ப்பா! இதென்ன ஆட்டாங்கல்லுங்களா? யாருங்க உங்கள வெக்கச் சொன்னது?"

அண்ணன்கள் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை. பட்டைகளை வாங்கித் துண்டு முனையால் துடைத்தீர்கள். "போச்சு பாரு. இப்ப மாட்டு கண்ணு."

மாட்டினேன். சாய்த்து வைத்து நிமிர்த்தியபோது இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பிடித்தன. அந்தச் சத்தத்தை அதுவரை ஒரு தடவைகூட நான் கேட்டிருக்கவில்லை. அவ்வளவு நேரமும் ஒரு பக்கக் கிளிப் பிடிக்காமலே இருந்திருக்கிறது. எண்ணிக்கை கடகடவென்று பதினாறுக்கு ஓடியது.

"பொட்டுதானா சாமி?"

"ஆமாங்ப்பா."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் சொன்னேன். நான் செய்த குறும்புகளில் பிடிபடாமல் போனது அது ஒன்றுதான்.

"செரி சாமி, இனி வெக்கல" என்றீர்கள். சொன்னபடியே வைக்கவில்லை. எனக்குப் புது சைக்கிள் வந்தபோது ஹேண்டில்பாரைத் துடைத்துத் துடைத்து உங்கள் எதிரிலேயே நின்றேன். "பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னீர்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தேன். மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று வாசத்தைத் தேடி மூடியைத் திருப்பினால், உள்பக்க மூலையில் கடுகளவு சந்தனம், காய்ந்த குங்குமம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"போன ஆயுத பூசைக்கு வெச்சதுடா. நீ வெளையாடப் போயிருந்தே. ஒயரு கியரு படாத எடமாப் பாத்து வெச்சுப்போட்டு, திருகு மாட்டவே முக்கா மணி நேரம் ஆச்சு அவருக்கு. 'பையனுக்குத் தெரிஞ்சா கத்துவான், சொல்லிப்போடாத'ன்னாரு."

உடனே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பட்டறைக்குப் போய் அந்த அண்ணன்களிடமும் சொன்னேன். கிளிப்தான், பொட்டு இல்லை, நான்தான் ஒழுங்காக மாட்டவில்லை. அம்மா என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். "விடு கண்ணு, அப்பாவுக்காக இப்படியெல்லாம் சொல்லோணுமா?" என்றார் பெரிய அண்ணன்.

புளுகினால் நம்புகிறார்கள், உண்மையைச் சொன்னால் தலையைத் தடவுகிறார்கள்.

பட்டைகளை மறுபடியும் கழற்றி மாட்டினேன். இரண்டு பக்கமும் 'டக்' கேட்டது. இருந்தும் எட்டுதான். என்ன கோளாறு என்று தெரியவில்லை. பொட்டின்மேல் விரல் படாமல் மூடியை மாட்டிவிட்டேன்.

நீங்கள் இருந்திருந்தால் இந்த உண்மையை நம்பியிருப்பீர்கள் அப்பா. அன்று சொன்னதையே நம்பினவர்தானே.