திருப்பி வைத்த ஷீட்

18.3.2004, வியாழன் இரவு

எழிலின் முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இன்று எங்கள் இருவரின் புராஜெக்ட் வைவா. வெறும் புள்ளிகளாகத் தெரியும் இரண்டு ஓ.எச்.பி. ஷீட்டை, அதாவது புரொஜெக்டரில் வைக்கும் ஒளி ஊடுருவும் தாளை, ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கலங்கரை விளக்கம் தெரியும். மேல் ஷீட்டைக் கால்வட்டம் திருப்பினால், ஒளித்துவைத்த இன்னொரு படமாக ஒரு படகு வரும். முதலில் சோதித்துப் பார்த்த ஜோடியில் மட்டும் படகு இல்லை. எழில் விளையாட்டாகத் தன் பெயரையும் எங்கள் வகுப்புக் கயல் பெயரையும் அதில் ஒளித்திருந்தான். அவர்கள் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இத்த கிழிச்சிப் போட்ரு மச்சான்" என்று அன்றைக்கே சொன்னான். கிழித்துவிட்டதாகச் சொன்னேன்.

கிழிக்கவில்லை. கலங்கரை விளக்கம் அதில்தான் பளிச்சென்று விழுந்திருந்தது. முதல் படத்தை இதில் காட்டிவிட்டு, படகுக்கு மற்ற ஜோடியை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் மாற்றுவதற்குள், வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் தானே கைநீட்டித் திருப்பிவிட்டார். சுவர் முழுக்க இரண்டு பெயர்கள். புரொஜெக்டர் பக்கத்தில் நின்றிருந்த லேப் அட்டெண்டர் கயலின் சித்தப்பா.

மதியம் கயல் வகுப்பில் இல்லை. சித்தப்பா அவளை ஊருக்கே, கருங்குழிக்கு, கூட்டிப்போய்விட்டாராம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எழில்தான் என்னைத் தேற்றினான்.

"நீ இன்னாடா பண்ணுவ? எல்லா ஷீட்டும் ஒரே மாதிரி புள்ளியாத்தான கீது. மாறிப்பூட்ச்சு, வேற ஷீட்ட கிழிச்சிட்ட, வுடு."

"ஆமாடா" என்றேன்.

மாறிவிடக் கூடாதென்று அந்த ஜோடியின் மூலையை அடையாளத்துக்கு நானே கத்தரித்து வைத்திருந்தேன். அந்த ஷீட்டுகள் இப்போது அவன் பையில் இருக்கின்றன.