ஆதாரம் இல்லை

ஜூன் 3

அன்புள்ள முட்டைக்கண்ணா,

நாங்கள் நலம். போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் "வேலை இருக்குக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

புது வீடு ஒன்பதாவது மாடி. சுவர் கெட்டி, ஒழுகவில்லை. ஆனால் நம் சந்து வீடுகளை இடித்துவிட்டு, நகரத்துக்கு எட்டாக்கையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நம் சந்திலிருந்து ரோட்டைத் தாண்டினால் பெரிய வீடுகள். தைக்கத் துணி வந்துகொண்டே இருக்கும். இங்கே என் மாடியில் மட்டும் ஐந்து தையல்காரிகள். மேல் மாடி முழுக்க வீட்டுவேலை செய்கிறவர்கள். யாருக்கு யார் தைப்பது, யார் வீட்டை யார் பெருக்குவது? வேலை செய்கிறவர்களை எல்லாம் இங்கே அடுக்கிவிட்டு, வேலை கொடுக்கிறவர்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். சின்னவள் பழைய பள்ளியை விடமாட்டேன் என்று அடம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பஸ்ஸிலேயே வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது.

நம் பக்கத்து வீட்டுப் பால்காரருக்கு மட்டும் பழைய சந்துக்குப் பக்கத்திலேயே வீடு கொடுத்திருக்கிறார்களாம். நமக்கு ஏன் இல்லை? நீ வீடு ஒதுக்குகிற அந்த அலுவலகத்தில்தானே இருக்கிறாய், கேட்டுச் சொல்.

நம் சந்துக்குக் கணக்கெடுக்க வந்த அன்று, அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையே "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாயே! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு. சொந்தக்காரர் வீட்டை எழுதக் கூடாது என்று விதி இருக்கும், உன் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்று நானும் "எழுதிக்குங்க சார்" என்றேன். பால்காரர் வாயைத் திறக்காமல் இருக்க அவருக்கும் கண்ணைக் காட்டினேன். எப்படி என் நடிப்பு?

உன் அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால் தாமதம். உன் கோப்பு மேலிடத்தில் இருக்கிறது. விசாரிக்கிறேன். சின்னவளுக்கு நோட்டுகளும், பஸ்ஸில் வைத்து எழுத ஒரு அட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

நேற்று அலுவலக ஜீப்பில் நம் சந்துப் பக்கம் போனேன். சுற்றிலும் தகரம் அடித்திருக்கிறார்கள். உன் வாசல் இருந்த இடத்தில் காவலாளிக்கு ஒரு கூண்டு. உள்ளே போக நோட்டில் பெயர் எழுத வேண்டும். எழுதினேன். "யாரைப் பார்க்க" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

உன் தம்பி

ஜூலை 2

முட்டைக்கண்ணா,

அட்டையைப் பார்த்துச் சின்னவள் குதித்தாள். ஆனால் நீ மழுப்புகிறாய். சின்ன வயதில் என் கத்திரிக்கோலைத் தொலைத்துவிட்டு, நான் கேட்காமலேயே தண்ணீர் மொண்டு கொடுத்தவன் நீ. எனக்குத் தெரியாதா?

பால்காரரைப் பார்த்தேன். இருபது வருடம் குடியிருந்ததற்குக் காகிதம் காட்டினால் பக்கத்திலேயே வீடாம். காகிதம் இல்லாவிட்டால், "இவரை எனக்குத் தெரியும்" என்று அரசு வேலையில் இருக்கிற ஒருவர் கையெழுத்துப் போட்டாலே போதுமாம். அவருக்குப் பள்ளிக்கூட வாத்தியார் போட்டாராம். என் காகிதங்கள் மழையில் ஊறிப் போனது உனக்கே தெரியும். நீ சொந்தக்காரன், உன்னைப் போட விதி விடாது. நமக்குக் கையெழுத்துப் போட அப்படி வேறு ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டே துணியை வெட்டினேன். அளவு தப்பிவிட்டது.

அக்கா

ஜூலை 6

அக்கா,

நீ நினைக்கிற விதி எதுவும் இல்லை. சொந்தக்காரன் என்று சொல்லியிருந்தால் உன் வீட்டை வேறு ஒருவர் எழுதியிருப்பார், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

சந்துக்குள் நுழையும்போதே அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குள்ள எல்லாம் மனுஷன் இருப்பானா?" என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு உன் வாசலில் நின்று, "இது நான் பொறந்த வீடு" என்று எப்படிச் சொல்வது? நீ "நாப்பது வருஷமா இருக்கேன் சார்" என்றாய். "ஆதாரம் இருக்கா?" என்றார் அவர். நான்தான் அக்கா ஆதாரம். அங்கேயே நின்றுகொண்டு, "ஆதாரம் இல்லை" என்று என் கையாலேயே எழுதினேன். நீ நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

மேல்முறையீட்டுக்கு நாள் கடந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது அக்கா. ஜீப்பில் ஏறும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு என் காதிலேயே கேட்கிறது.

வரும் செவ்வாய்க்கிழமை உங்கள் குடியிருப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பு. அதே அதிகாரி, கூட நான். நீ கதவைத் திறக்காவிட்டாலும் அது நியாயம்தான்.

தம்பி

ஜூலை 10

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தாங்கள் வர வேண்டிய வீடு ஒன்பதாவது மாடி, வலது பக்கம் மூன்றாவது கதவு.

இதற்கு மேல் "தாங்கள்" போட்டு எழுத எனக்குக் கை வரவில்லையடா. இரண்டே வரிதான் முடிந்தது. உனக்கு அன்றைக்கு எப்படி வாய் வந்தது?

மூன்று நாளாகத் தையல் மெஷினைத் தொடவில்லை. வீடு போனதற்குக்கூட நான் இப்படி அழவில்லை. நாம் இருவரும் சேர்ந்து அந்த அதிகாரியை ஏமாற்றினோம் என்று இத்தனை நாள் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேனே, அதற்குத்தான் அழுகை வந்தது. மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் பொய்.

செவ்வாய்க்கிழமை வா. லிஃப்ட் ஓடாது, ஏறித்தான் வர வேண்டும். அதிகாரி பக்கத்திலேயே நிற்கட்டும், மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும். கதவு சாத்தியிருக்கும், நான் உள்ளே இருப்பேன். வெளியே நின்று பேர் என்ன என்று கேட்டால், வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போ. எப்படிக் கூப்பிட்டால் நான் திறப்பேன் என்று உனக்குத் தெரியும்.

தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன்.

அடியில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதைச் செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.