நனைந்த மிருகத்தைப் பற்றிச் சனம் சொன்னது

என் ஆசைத் தம்பி ரமணனுக்கு,

உன்னுடைய படம் வந்துவிட்டதடா. நீ போய் ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறது. பஸ்ஸின் பின்பக்கமெல்லாம் படத்தின் நாயகி மேகராணியின் முகம்தான். ஆனால் முதலில் ஒரு குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். படம் வந்த நாளிலிருந்து பதினொரு நாள் நான் அம்மாவுக்குப் பொய் சொல்லிப்போட்டன்.

இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்த மாயாஜாலப் படத்தின் இரண்டாம் பாகம் அது. அதில் ஓநாய் மாதிரி ஒரு பெரிய மிருகம் வரும். அதன் ரோமத்தைக் கொம்பியூட்டரில் செய்தவன் நீ. முழு மிருகம்கூட இல்லை, ரோமம் மட்டும். "முதல் பாகத்தில அது காய்ஞ்சு திரிஞ்சது அக்கா. இதில ஆத்துக்குள்ளால எழும்பி வருது. ஈர மயிர் மாதிரிக் கஷ்டமான வேலை வேற இல்லை" என்று எட்டு மாதம் புலம்பினாய். பக்கத்து வீட்டு நாயைக் கேட்டு வாங்கிவந்து கராஜ் வாசலில் குளிப்பாட்டி, அது உதறுவதைத் திரும்பத் திரும்ப ஃபோனில் எடுத்தாய். வேலை முடிந்து மூன்றாம் வாரம் உன் மூளையில் நரம்பு வெடித்தது. முப்பத்து நாலு வயது. படத்தை நீ முழுதாகப் பார்க்கவே இல்லை.

சனத்துக்குப் படம் பிடிக்கவில்லை. "முதல் பாகத்தில் உயிர் இருந்தது, இதில் சத்தம்தான் இருக்கிறது" என்று ஒருவர் எழுதினார். ராணி எதற்கு அழுகிறாள் என்று கதை எழுதியவருக்கே தெரியாது என்று இன்னொருவர். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன், கதை உன் வேலை இல்லையே. ஆனால் மிருகம் கரையேறும் காட்சியைப் போட்டு யாரோ "நனைந்த கம்பளம்" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள், எண்ணி முடியாது.

அம்மாவால் இங்கிலீஷை ஓடி வாசிக்க முடியாதல்லவா? காலமை தேத்தண்ணியோடு குசினிக் கதிரையில் இருந்து கேட்பா: "சனம் என்ன சொல்லுது?"

நான் ஃபோனைப் பார்த்தபடி மொழிபெயர்ப்பேன். "உண்மையான மிருகம் மாதிரியே இருக்காம் அம்மா."

"பிறகு?"

"செய்தவையின்ர கையைக் கும்பிட வேணுமாம்."

அம்மா தலையாட்டுவா. சிரிக்க மாட்டா. ஏன் சிரிக்கவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டாமா?

போன ஞாயிறு பிளாக்டவுனில் கலா அன்ரி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மெல்பேர்னில் இருக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை படங்களைப் பற்றித் தமிழில் பேசி வீடியோ போடுகிறாள். உன் படத்தைப் பற்றியும் போட்டிருக்கிறாள் என்று அன்ரி சந்தோஷமாக டீவியில் போட்டா. பாவம், புகழப்போகிறாள் என்றே நினைத்துவிட்டா.

"படம் பூரா தண்ணி, கதை மட்டும் வறட்சி" என்று தொடங்கினாள் அந்தப் பிள்ளை. "அந்த மிருகம் இருக்கே, துவைச்சுப் போட்ட கால்மிதி மாதிரி இருக்குங்க."

அன்ரி ரிமோட்டைத் தேடினா. அகப்படவில்லை. "விடுங்கோ கலா" என்று சொல்லிவிட்டு அம்மா கடைசிச் சொல்வரை கேட்டா.

மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அம்மா கேட்டா: "எத்தினை நாளா எனக்குப் பொய் வாசிச்சனி?"

"முதல் நாளில இருந்து."

அம்மா இறங்கிப் போய்விட்டா. நான் காருக்குள்ளேயே இருந்து அந்தப் பிள்ளைக்கு எழுதினேன். "நீங்கள் சிரித்த அந்த ரோமத்தைச் செய்தவன் என் தம்பி. அவன் செத்துப்போனான். இப்பவும் சிரிக்கிறீங்களா?" அனுப்பவில்லை. அதை அப்படியே கொண்டுபோய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. அனுப்பு என்று சொல்லுவா என்று நினைத்தேனோ?

"அழி" என்றா.

"அம்மா, அவன் உங்கட பிள்ளை!"

"ஓம், என்ர பிள்ளை. அதாலதான் சொல்லுறன். அந்தப் பிள்ளை போய்ப் பார்த்திருக்கு, பிடிக்கேல்ல, சொல்லுது. செத்தவனைக் காட்டி அதின்ர வாயை மூடப்போறியோ? கணக்குப் பாடத்தில அவனைப் பெயிலாக்கினதே நான்தான், என்ர வகுப்பிலயே. இரக்கத்துக்கு ஒரு மார்க்கும் போடேல்ல. அவனும் கேக்கேல்ல."

அழித்தேன். உன்னைக் காப்பாற்ற என்னிடம் இருந்த கடைசி ஆயுதத்தையும் பறித்துவிட்டா என்று கோபம் வந்தது. அன்றிரவு அம்மா, "படத்தை நானே பார்க்க வேணும்" என்றா.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டு அம்மாவை மத்தியானக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். தியேட்டரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். உண்மையைச் சொல்கிறேன் ரமணா, படம் சரியில்லை. ஆறு வந்ததும் அம்மா கதிரை நுனிக்கு வந்துவிட்டா. தண்ணீர் பிளந்தது. பின்னால் ஒருவர் சிரித்தார். நான் திரும்பிப் பார்க்கப் போக, அம்மா என் முழங்காலை அமத்திப் பிடித்தா.

மிருகம் கரையில் ஏறி நின்றது. முதுகு ரோமம் பிரிந்து பிரிந்து வழிந்தது. பிறகு தலையிலிருந்து வால்வரை ஒருதரம் உதறியது. அம்மா சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்து, புறங்கையால் கன்னத்தைத் துடைத்தா.

அழவில்லையடா. தண்ணீர் தெறித்தது என்றே நினைத்துவிட்டா.

முடிவில் உன் பெயர் வந்தது, நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவில். நான் விரலை நீட்டுவதற்குள் மேலே போய்விட்டது. "நான் கண்டனான்" என்றா அம்மா. வெளியே வந்து வெயிலில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கதை இல்லை. அரை மணித்தியாலம் கூடிப்போச்சு" என்றா.

"மிருகம்?"

கொஞ்சம் யோசித்தா. வகுப்பில் மார்க் போட்ட அந்தப் பழைய ரீச்சர் மாதிரி.

"ஈரமா இருந்தது."

இனி அம்மாவுக்கு ஒரு சொல்லும் மாற்றி வாசிக்க மாட்டேன். திட்டினால் திட்டினபடி, சிரித்தால் சிரித்தபடி. உன் வேலையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருந்து கேட்போம். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
கௌரி அக்கா