ட்ரங்குப் பெட்டியான மேசை

நவம்பர் 9, ஞாயிறு.

என் வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட இனி எனக்குத் தெம்பில்லை. மகள் தர்ஷினி படிக்கிறது மலிவான மைக்கா மேசையில். அவள் அப்பா பட்டாளத்திலிருந்து லீவில் வந்த நாள் முதல், அதற்கு வயலெட் அடித்துத் தரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். பெயின்ட் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார், மைக்கா வழுவழுப்பு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் அடித்தால் பிடிக்காது என்று. இவர் கேட்டால்தானே?

“எம் ட்ரங்குப் பெட்டிக்கு வருசா வருசம் நாந்தான் பெயின்ட் அடிக்கேன். நீ எனக்குச் சொல்லித்தாரியா?” என்று என்மேல் பாய்ந்தார்.

நேற்றே இரண்டு கோட்டு அடித்துவிட்டார். போதாததற்கு, பட்டாளப் பெட்டியில் பேரும் ஊரும் எழுதுவதுபோல முன்பக்கம் வெள்ளையில் கொட்டை எழுத்து: ‘தர்ஷினி, நாலாம் வகுப்பு, ராஜபாளையம்’. மேசையை ரயிலில் ஏற்றப் போகிறாரா என்ன?

இன்று சாயங்காலம் தர்ஷினி மேசையிலிருந்து நோட்டை எடுத்தாள். வயலெட்டும் தோலாக உரிந்து கூடவே வந்தது.

“இப்ப என்ன சொல்லுதீக?” என்றேன்.

“அடுத்த லீவுல பாப்போம்” என்கிறார், துணிமணியை மடித்துக்கொண்டே. காலையில் ரயில். அடுத்த லீவு எப்போதென்று அவருக்கே தெரியாது.

ஆத்திரத்தில் நானே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். மேல்பலகை முடிந்து முன்பக்கம் வந்ததும் தர்ஷினி குறுக்கே கையை வைத்தாள்.

“அப்பா எழுதுனத மட்டும் தேய்க்காதீங்கம்மா.”

தும்மினாலே உதிர்ந்துவிடும் எழுத்து அது. திட்டிக்கொண்டே அதன்மேல் அகலமான செலோடேப்பை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.