காடி கலந்த சூப்பு

மொந்தரில் தோட்டம்,
ஜிரோந்து ஆற்றங்கரை,
1952 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

என் அண்ணன் மகள் சோலான்ஜுக்கு,

சித்தப்பா ஒக்தாவ் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு எழுதுவது. நாங்கள் சுகம். திராட்சைக் கொடிகளும் சுகம். உன் சித்தி பிளாந்தீனின் முழங்கால் மட்டும் மழையை முன்கூட்டியே சொல்கிறது. வானொலிக்காரர்கள் இவளிடம் வந்து கேட்டுப் போகலாம். கிராஸ் நகரத்து வாசனைத் தைலப் பட்டறையில் உன் மூக்குக்கு நல்ல பெயராமே? அந்தப் பட்டறைக்கே நீதான் தலைவி என்று இங்கே கடைத்தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மறுக்காதே.

இந்த மாதம் முழுக்க மூடுபனி. விடியலில் ஆறு எழுந்து வந்து நம் தோட்டத்தில் படுத்துக்கொள்கிறது. கொடி வெட்டும் கவாத்துக்குப் போகிறவர்களின் உடம்பு கரைந்துபோய், தொப்பிகள் மட்டும் வரிசை வரிசையாக மிதக்கின்றன. இப்படி ஒரு பனியில்தான் நம் முப்பாட்டன் போர் முடிந்து, கோவேறு கழுதைமேல் தூங்கியபடியே இங்கு வந்து சேர்ந்தார். கழுதை இந்த மேட்டில் நின்று நகர மறுத்தது. மண்ணுக்கு அடியில் சிவப்பாக ஓர் ஆறு ஓடுவதாகக் கனவு கண்டு விழித்தவர், அதே இடத்தில் முதல் கொடியை நட்டார். பாதிரியாரோ, "உங்க முப்பாட்டன் பீப்பாய் செஞ்சவருப்பா, போருக்கே போனதில்ல, நிலம் பொண்டாட்டி வழிச் சீதனம்" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? வெள்ளை ஒயின் குடிக்கிற மனிதர்.

நிலவறையில் போன வருட ஒயின் உறங்குகிறது. பீப்பாயில் காதை வைத்தால் மூச்சு கேட்கும். வெளியே கொடி பூக்கும் நாளில் உள்ளே ஒயினும் புரண்டு படுக்கும். பிறந்த வீட்டு நினைப்பு. ஒருமுறை பீப்பாயே ஒரு முழம் நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவுக்கு மூக்கும் நாக்கும் செத்துவிட்டன.

கிறிஸ்துமஸ் சமயத்துக் காய்ச்சல் போகும்போது இரண்டையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்தது உன் சித்தியின் அவசரத்தால். சூப்பின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, ஒயினை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்காமல் உன் அப்பா மேசையை விட்டு எழுந்தது உண்டா? போன வியாழக்கிழமை சித்தி ஒயின் ஜாடி என்று நினைத்துக் புளித்த காடி ஜாடியை வைத்துவிட்டாள். அண்ணன் தாராளமாக ஊற்றினார். ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "போன வருஷ மெர்லோ நல்லா மெத்துன்னு வந்திருக்குடா ஒக்தாவ்" என்றார்.

சித்தி ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெளுத்துப்போனாள். நான் என்ன செய்வேன்? என் கிண்ணத்திலும் அதையே ஊற்றிக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "எதுக்குடா அழுவுற?" என்றார். "ஒயின் அவ்வளவு நல்லாருக்குண்ணே" என்றேன். சித்தியும் ஊற்றிக் குடித்தாள். அன்று மாலைவரை எங்கள் வயிறுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கவாத்து செய்த நுனிகளில் நீர் சொட்டி, கொடி அழத் தொடங்குமுன் கலவை முடிந்தாக வேண்டும். எந்தப் பீப்பாய் மெர்லோ திராட்சை ஒயினோடு எந்தப் பீப்பாய் கபர்னே திராட்சை ஒயின் சேர வேண்டும் என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும். இப்போது அவர் சுவைத்துத் துப்பிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறார். நாங்கள் சிரித்தால் நல்லது என்கிறார், முழித்தால் கெட்டது என்கிறார். என் முகம் எதைக் குடித்தாலும் சிரிக்கிற முகம். அதை நம்பிக் கலந்தால் மொந்தரில் பெயர் என்ன ஆகும்?

நானே கலந்திருப்பேன். பாரிஸில் ஒரு மந்திரிக்கே ஒயின் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். சித்திதான் விடமாட்டேன் என்கிறாள். "நீங்க கலந்தா அதுல பன்னிகூட கால் கழுவாது" என்கிறாள். பெண்களுக்கு மரியாதை தெரிவதில்லை.

நீ இங்கிருந்து கிளம்பிய வருடம், ஒயின் தரகர் முன்னால் கலவையில் கபர்னேயைக் குறைக்கச் சொன்னாய். "பொட்டச்சி நாக்கு சூப்புக்கு உப்பு பாக்கத்தான்" என்று உன் அப்பா சொன்னார். நீ கையிலிருந்த கோப்பையைப் பீப்பாய்மேல் வைத்துவிட்டுப் படியேறிப் போனாய். நான் எதையும் மறக்கவில்லை. அந்த வருட ஒயின் இன்னும் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. அவர் அதை யாருக்கும் ஊற்றுவதில்லை. யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

நேற்று, கவாத்தில் விழுந்த குச்சிகளை இரும்புத் தள்ளுவண்டியில் போட்டு எரித்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தோம். பனியும் புகையும் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தன. அண்ணன் அந்தப் புகைக்குள் போய் நின்றார். கொடிகளில் ஒன்றாக மாறிவிட்டாரோ என்று நினைக்குமளவு அசையாமல் நின்றார். பிறகு, "டேய், இது என்ன மாதிரி வாசனைடா?" என்று கேட்டார்.

மகளே, எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததுண்டா? வாயைத் திறந்தேன். "புகை வாசனைண்ணே" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் தலையாட்டினார். "அவ இருந்தா சொல்லியிருப்பா" என்றார், உன் பெயரைச் சொல்லாமலே. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த கொடிக்குப் போனார்.

அவர் உன்னைக் கூப்பிட்டதாக நான் எழுத மாட்டேன். அவர் கூப்பிடவில்லை. குளிர் விடாததால் கொடிகள் இன்னும் அழவில்லை, அதை மட்டும் எழுதுகிறேன். போர்தோவரை ரயில் இருக்கிறது. நிலையத்தில் நான் நிற்பேன். வந்ததும் நிலவறைக்குப் போகாதே. கலவைப் பேச்சே எடுக்காதே. நேரே தோட்டத்துக்குப் போய் அவர் பக்கத்தில் நின்று, அந்தப் புகையின் வாசனை எப்படி இருக்கிறது என்று சொல்லு. அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் சொல்லு. மற்றதை அவரே கேட்பார்.

வழியெல்லாம் வானம் உனக்குத் தெளிந்திருக்கட்டும். கர்த்தர் உன்னையும் உன் மூக்கையும் சளி பிடிக்காமல் காத்து எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் சித்தப்பா
ஒக்தாவ்